குளத்தில் பாசி என்றால், எந்தப் பாசி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். 33 ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். அதில் பெரும்பாலான ஆண்டுகள் பாசியியல் பாடம் என் பொறுப்பில்தான் இருந்தது.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் படம் வந்திருந்தது. தண்ணீர் முழுக்கப் பச்சை. பாசி படர்ந்து நாற்றம் அடிக்கிறது, பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும் என்று பொதுமக்கள் கோருகிறார்கள் என்பது செய்தி. எங்கள் குளத்தைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தச் செய்தியில் ‘பாசி’ என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. எந்தப் பாசி என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. பாம்பு கடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால் முதலில் என்ன பாம்பு என்றுதானே கேட்பார்கள்? தண்ணீர் நிறம் மாறும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கழுவிக் காயவைத்த ஒரு ஜாம் பாட்டிலும் நான்கு ஈர்க்குச்சிகளும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். ஈர்க்குச்சியைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றினால், நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் ஸ்பைரோகைரா மாதிரியான பச்சை இழைப்பாசி. பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கு நூல் வரவில்லை. குச்சி முழுக்கப் பச்சைப் பெயின்டில் முக்கி எடுத்தாற்போல் வந்தது. காற்று அடித்து ஒதுக்கிய வடகிழக்கு மூலையில் அந்தப் பெயின்ட் இரண்டு விரல் கனத்துக்குத் திரண்டு, ஓரத்தில் காய்ந்த இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. பாட்டிலில் மொண்டு வந்து ஜன்னலில் ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் தண்ணீர் தெளிந்து, பச்சை எல்லாம் பால் ஆடை போல மேலே ஏறி நின்றது. சாதாரணப் பச்சைப்பாசி என்றால் பெரும்பாலும் அடியில் போய்ப் படியும். மிதப்பது நீலப்பச்சைப் பாசியின் பழக்கம்.

இந்த இரண்டு சோதனைகளையும் யாரும் செய்யலாம். செலவு ஒரு ஈர்க்குச்சிதான். ஆனால் இவை வெறும் சந்தேகத்தைத்தான் தரும். அதற்குமேல் மைக்ராஸ்கோப் வேண்டும்.

ஓய்வுபெற்ற அன்று என் மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த மைக்ராஸ்கோப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, 400 மடங்கில் பார்த்தேன். கிழிந்த பஞ்சுப் பொதி போல, நடுநடுவே ஓட்டை விழுந்த கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நூற்றுக்கணக்கான உருண்டைச் செல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். செல்லுக்குள் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள். அவை உண்மையில் கறுப்பு அல்ல, காற்றுப்பைகள். வெளிச்சம் சிதறுவதால் அப்படித் தெரிகின்றன. அவற்றால்தான் இது மிதக்கிறது. பக்கத்தில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் விட்டதும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு உறை, மையின் கறுப்புக்கு நடுவே வெள்ளை ஓரம் கட்டி எழுந்து வந்தது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஓரம் எழும் நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த முறை சிலிர்ப்போடு கவலையும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் அந்தப் படித்துறையில்தான் தினமும் மாடுகள் இறங்குகின்றன.

மைக்ரோசிஸ்டிஸின் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், ஈரி ஏரியில் பெருகிய இதே பாசியால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் தவித்தார்கள்.

இப்போது பிளீச்சிங் பவுடருக்கு வருகிறேன். நஞ்சு பெரும்பாலும் உயிரோடு இருக்கும் செல்லுக்குள்தான் அடைபட்டிருக்கும். மேலே மருந்தைக் கொட்டினால் செல் வெடிக்கும், பச்சை நிறம் போகும், நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். குளம் சுத்தமாகிவிட்டது என்று ஜனங்கள் நம்பிக் குளிக்க இறங்குவது அப்போதுதான்.

இது கற்பனை இல்லை. 1979இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாம் தீவு என்ற இடத்தில், குடிநீர் அணையில் பாசி பெருகித் தண்ணீர் நாறுகிறது என்று மக்கள் புகார் சொன்னார்கள். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள், அந்தத் தீவின் பூர்வகுடிக் குழந்தைகள். ஈரல் வீக்கம், வாந்தி, ரத்தபேதி. என்ன நோய் என்றே தெரியாமல் ‘பாம் தீவு மர்ம நோய்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த அணையின் பாசியைப் பிரித்து வளர்த்துப் பார்த்தபோதுதான் குற்றவாளி தெரிந்தது. மைக்ரோசிஸ்டிஸ் போல மேலே ஆடை கட்டாமல் தண்ணீருக்குள்ளேயே கலந்து கிடக்கும் ஒரு மெல்லிய நீலப்பச்சை இழை.

அந்த இழையின் பெயர்க் கதையை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். இங்கேயும் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் அதில் நம் சென்னையும் வருகிறது.

1912இல் போலந்து நாட்டுப் பெண் விஞ்ஞானி யாத்விகா வொலோஷின்ஸ்கா, ஜாவா தீவின் தண்ணீரிலிருந்து இதை முதலில் விவரித்தார். அனபீனா ராசிபோர்ஸ்கி என்று பெயர். பிறகு அனபீனாப்சிஸ் என்று இடம் மாற்றினார்கள். 1972இல் சீனய்யா, சுப்பா ராஜு என்ற இரண்டு இந்திய அறிஞர்கள், இந்தப் பாசியில் நைட்ரஜனைப் பிடிக்கும் சிறப்புச் செல் உருவாகும் விதம் வேறு என்று காட்டி, சிலிண்ட்ரோஸ்பெர்மோப்சிஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்தது சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு தொகுப்பில். தொகுத்தவர் பேராசிரியர் தேசிகாச்சாரி. ஏழே ஆண்டுகளில் பாம் தீவில் அந்தக் குழந்தைகள் படுத்தபோது, குற்றவாளியை அடையாளம் சொல்ல உதவிய பெயர் நம் ஊர் அச்சில் ஏறிய பெயர்தான்.

கதை அங்கே முடியவில்லை. ராபிடியாப்சிஸ் என்று இன்னொரு இழை உண்டு. 1929இலேயே பெயர் வைத்தாயிற்று. பார்க்க இதே மாதிரி இருக்கும். நுனியில் அந்தச் சிறப்புச் செல் மட்டும் இருக்காது. இதை வைத்தே இரண்டையும் பிரித்தோம், நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் தண்ணீரில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் முதல் பாசியும் அந்தச் செல்லை உண்டாக்குவதில்லை. தேவைப்படவில்லை, செய்யவில்லை. அப்படியானால் நாம் ஸ்லைடில் பார்த்தது இரண்டு உயிர்களையா, ஒரே உயிரின் இரண்டு கோலங்களையா? கண்ணால் தீர்க்க முடியாத இந்தக் கேள்வியை மரபணு தீர்த்தது. 2018இல் இரண்டையும் ஒரே பேரினமாகச் சேர்த்துவிட்டார்கள். மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் இன்று அதற்கு ராபிடியாப்சிஸ் ராசிபோர்ஸ்கி என்று பெயர்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியத் தண்ணீரில் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் செய்யும் இதே பாசி, பிரேசிலில் நரம்பைத் தாக்கும் வேறொரு நஞ்சைச் செய்கிறது. லென்ஸுக்குக் கீழே இரண்டும் ஒன்றுதான். எந்த நஞ்சுக்கான மரபணு உள்ளே இருக்கிறது என்று தேடினால்தான் தெரியும்.

எங்கள் குளத்து மைக்ரோசிஸ்டிஸுக்கும் இதே நிலைதான். இது மைக்ரோசிஸ்டிஸ் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். நஞ்சு செய்வதா, செய்யாததா என்று என்னால் மட்டுமல்ல, உலகத்தில் எவராலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு எம்.சி.ஒய்.இ. என்ற மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். வைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதே முறைதான். அந்த இயந்திரங்கள் இன்று மாவட்டம்தோறும் இருக்கின்றன.

அப்படியானால் மரபணுவே போதுமே, மைக்ராஸ்கோப் எதற்கு என்று இன்றைய மாணவர்கள் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். இங்கேதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மரபணுவால் பெயர் சொல்வது எப்படி என்று பாருங்கள். செல்லை உடைத்து டி.என்.ஏ. எடுக்கிறோம். பச்சைப்பாசி என்றால் 18எஸ், நீலப்பச்சை என்றால் 16எஸ் என்று ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறோம். அப்புறம் அதை உலகத் தரவுத்தளத்தில் போட்டு, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் வரிசைகளில் எதோடு பொருந்துகிறது என்று தேடுகிறோம். சரி, அங்கே இருக்கும் வரிசைக்கு அந்தப் பெயரை எழுதியவர் யார்? என்றோ ஒருநாள், எங்கோ ஒரு மேசையில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்த ஒரு மனிதர். அவர் தவறாகப் பார்த்திருந்தால் இயந்திரமும் அதே தவறைத்தான் திருப்பிச் சொல்லும். அந்த இனத்தின் வரிசையை யாரும் சேமிக்கவே இல்லை என்றால், பெயரில்லா உயிர் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். நம் குளங்களின் பாசிகள் எத்தனையோ அப்படிப் பெயரில்லாமல் கிடக்கின்றன.

மற்றொரு பக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணை நம்பி நானும் தவறு செய்திருக்கிறேன். கல்லூரியில் ஒரு சிமென்ட் தொட்டியில் இருந்து பிரித்தெடுத்த பச்சை உருண்டைப் பாசி ஒன்றைப் பதினோரு ஆண்டுகள் வளர்த்தோம். மாதம் தவறாமல் புதுக் குடுவைக்கு மாற்றுவோம். ‘குளோரெல்லா வல்காரிஸ்’ என்று லேபிள் ஒட்டியவள் நான். எட்டு வகுப்பு மாணவர்கள் அதைப் பார்த்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு என் மாணவி ஒருத்தி தன் முனைவர் பட்ட வேலைக்காக அதன் 18எஸ் வரிசையைப் படித்துவிட்டு, தயங்கித் தயங்கிப் போன் செய்தாள். “அம்மா, அது குளோரெல்லாவே இல்லை” என்றாள். உருண்டையாக, பச்சையாக, வாலும் கொம்பும் இல்லாமல் இருப்பதை எல்லாம் 1890இல் டச்சு விஞ்ஞானி பெய்ரிங்க் வைத்த அந்த ஒரே பெயருக்குள் உலகமே நூறாண்டு காலம் போட்டு வைத்திருந்தது. 1999இல் மரபணு வைத்துப் பிரித்தபோது உண்மையான குளோரெல்லா என்று நான்கே இனங்கள் மிஞ்சின. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் துறைக்குப் போய் லேபிளை மாற்றிவிட்டுத்தான் வந்தேன்.

சினடெஸ்மஸ் வேறொரு பாடம் சொல்லும். நான்கு செல்கள் வரிசையாக ஒட்டி, சிறு படகுகளைக் கட்டி வைத்தாற்போல் அழகாக இருக்கும். எந்தக் குளத்திலும் கிடைக்கும். இதைத் தனியாகக் குடுவையில் வளர்த்தால் பல நேரம் ஒற்றைச் செல்லாகவே பிரிந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் டாப்னியா என்ற நீர்ப்பூச்சி இருந்த தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். பூச்சி வேண்டாம், அது இருந்த வாசனை போதும். ஓரிரு நாளில், பிளந்து பிறக்கும் செல்கள் விலகிப் போகாமல் ஒட்டியே நின்று நான்காக, எட்டாகக் கூடிக்கொள்ளும். சின்ன வாய்க்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. மரபணு வரிசை இரண்டு நிலையிலும் ஒன்றே. அந்தக் குளத்தில் அன்று யார் யாரைத் தின்ன வந்தார்கள் என்பதைப் பார்த்துச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும்.

இந்தக் கண் நமக்கு இருந்தது. சென்னையில் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) மழைக்குட்டைகளையும் காய்ந்த வண்டலையும் தேடித் தேடிப் பார்த்தவர். ஈர மண்ணில் வாழும் ஒரு பச்சைப்பாசிக்கு 1932இல் அவர் வைத்த ஃபிரிட்ஷியெல்லா என்ற பெயரை இன்றும் தாவரவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவருடைய மாணவர் தேசிகாச்சாரி 1959இல் எழுதிய நீலப்பச்சைப் பாசி நூலை உலகம் முழுக்க மேசையில் வைத்திருந்தார்கள். என் பிரதியின் அட்டை பிய்ந்து மூன்று முறை பைண்டிங் செய்திருக்கிறேன். இன்று எத்தனை கல்லூரிகளில் மாணவர்களைக் குளத்துக்கு அழைத்துப் போகிறார்கள்? ஸ்லைடைப் படமாகத் திரையில் போட்டுக் காட்டிவிட்டுச் செய்முறைத் தேர்வை முடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நூற்றுக்கும் மேற்பட்ட பாசி பாட்டில்களை, அறைக்கு வெள்ளை அடிக்கும்போது நாற்றம் அடிக்கிறது என்று சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் குளத்தின் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதியிருந்தது. அந்தக் குளங்களில் சில இப்போது இல்லவே இல்லை.

என் எதிர்வீட்டில் பூக்கட்டும் அக்கா இருக்கிறார். நான் ஸ்லைடு பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, “மேலக் குளம் போன சித்திரையில ரத்தமா சிவந்துச்சே டீச்சர், சாயப்பட்டறைத் தண்ணின்னாங்க, அம்மன் குத்தம்னாங்க, அதுவும் இதுதானா?” என்று கேட்டார். இல்லை. அன்றும் நான் போய் எடுத்து வந்தேன். அது யூக்ளினா. வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் சிவப்பு நிறமி செல் முழுக்கப் பரவிக் குளமே சிவக்கும். நிழலில் நிறமி நடுவே ஒதுங்கிப் பச்சை தெரியும். காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம் என்று ஊர் பயந்தது அதனால்தான். அதை அறைக்குள் ஒரு ராத்திரி வைத்தபோது பாட்டில் பச்சையாகிவிட்டது. இதைச் சொன்னதும் அவர், தானும் பார்க்க வேண்டும் என்றார். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை வைத்துக் கொடுத்தேன். முதலில் தன் இமை மயிர்தான் தெரிகிறது என்றார். பிறகு அசையாமல் ரொம்ப நேரம் பார்த்தார். “நெளியுது... உள்ள செவப்பா ஒரு பொட்டு இருக்கே” என்றார். அதுதான் கண்புள்ளி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறிய அதற்கு உதவுவது. பாடம் படிக்காத அவர், என் எம்.எஸ்சி. மாணவர்கள் பலர் தவறவிட்டதை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டார். இந்தச் சிவப்பு யூக்ளினாவிலும் மீனைக் கொல்லும் நஞ்சு செய்யும் இனம் உண்டு என்பதால், அதையும் வேடிக்கை என்று விட்டுவிடக் கூடாது.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். தண்ணீர் நிறம் மாறியது என்று செய்தி வந்தால், தங்கள் செய்தியாளர் அருகிலிருக்கும் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, என்ன பாசி என்று கேட்டு அதையும் எழுதட்டும். நாளிதழ் கேட்டால் துறையில் தூசி படிந்த மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைப்பார்கள். பெயர் தெரியும்வரை பிளீச்சிங் பவுடரோ மயில்துத்தமோ தூவச் சொல்லி யாருடைய கோரிக்கையையும் தலைப்பாகப் போடாதீர்கள். தண்ணீர் எடுப்பவர்கள் மூன்று பாட்டிலாக எடுக்க வேண்டும்: ஒன்று உயிரோடு பார்க்க, ஒன்றில் எண்ணிப் பார்ப்பதற்காகச் சில சொட்டு லுகால் அயோடின், ஒன்று மரபணுவுக்காக ஆல்கஹாலில். நாங்கள் பழக்கத்தில் ஊற்றிய ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். அந்தப் பழக்கத்தை இப்போதாவது விட வேண்டும்.

எங்கள் குளத்துத் தண்ணீரை மூன்று பாட்டிலாக எடுத்தாயிற்று. மூன்றாவது பாட்டில், அந்தப் பழைய மாணவி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு நேற்றுப் பேருந்தில் போய்விட்டது. இரண்டு வாரத்தில் சொல்கிறேன் என்றிருக்கிறாள். முடிவு எதுவானாலும் தங்களுக்கு எழுதுகிறேன். அதுவரை வடகிழக்குப் படித்துறையில் மாடுகளை இறக்க வேண்டாம் என்று ஓர் அட்டையில் எழுதி, பூக்கட்டும் அக்காவும் நானும் இன்று காலை அரசமரத்தில் கட்டிவிட்டு வந்தோம். தங்கள் உள்ளூர்ப் பக்கத்திலும் அந்த ஒரு வரியைப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
கும்பகோணம்.